‘சின்ன விஷயம்தானே’ என்று விட்டவை

என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவது. எழுதும் மேசை ஆடுவது. சார்ஜர் வயர் பைக்குள் சிக்கிக்கொள்வது. நடக்க நடக்க ஷூ கயிறு அவிழ்வது. பக்கத்து இருக்கைக்காரர் பேனாவை ‘டிக் டிக்’ என்று அழுத்திக்கொண்டே இருப்பது. சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவது. பயணத்தில் இயர்போன் இல்லாமல் சத்தமாக வீடியோ பார்ப்பவர்கள். ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல்லை அலுவலகம் முழுமைக்கும் அனுப்பி வைக்கும் மின்னஞ்சல்கள்.

இதில் எதையும் பிரச்சினை என்று வெளியே சொல்லிவிட முடியாது. சொன்னால், “இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் அடுத்தவர்களிடம் கேட்டிருப்பேன்.

பட்டியல் எழுதத் தொடங்கியதற்குக் காரணம், மாலையில் வீடு திரும்பும்போது இருந்த காரணம் தெரியாத சிடுசிடுப்பு. யோசித்துப் பார்த்தால் அன்று பெரிதாக எதுவும் நடந்திருக்காது. அதனால் எரிச்சல் வந்த நேரத்திலேயே ஒரு வரி எழுதி வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கொஞ்ச நாளில் ஒன்று தெளிவாகிவிட்டது. புதிய வரிகள் ரொம்பக் குறைவு. அதே ஏழெட்டு விஷயங்கள்தான் முறைவைத்து வந்துபோகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அரை மணி நேர வேலையிலோ, ஒரு வாக்கியம் பேசுவதிலோ முடிந்துபோகக்கூடியவை. பிறகு ஏன் மாதக்கணக்கில் கூடவே இருந்தன? சின்னதாக இருந்ததால்தான். பெரிய தொல்லை என்றால் விடுப்பு எடுத்தாவது சரிசெய்வோம், ஆட்களைக் கூப்பிடுவோம், பேசித் தீர்ப்போம். சின்னதுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ‘சின்ன விஷயம்தானே’ என்று நாமே அதற்குப் பாதுகாப்புக் கொடுத்து வளர்க்கிறோம்.

மனநல ஆய்வாளர்களும் இந்தச் சில்லறைத் தொல்லைகளைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் வாழ்க்கையின் பெரிய திருப்பங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73 என்று மொத்தம் 43 நிகழ்வுகள். 1981-இல்தான் ஆலன் கானர், ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்டோர் அன்றாடத் தொந்தரவுகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் 117 வகை. பொருளைத் தொலைப்பது, செய்ய வேண்டியவை குவிந்து கிடப்பது, வீட்டுப் பராமரிப்பு இப்படி. நடுத்தர வயதினர் 100 பேரைப் பல மாதங்கள் தொடர்ந்து கேட்டுப் பார்த்ததில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகளை முன்கூட்டிச் சொல்வதில் பெரிய நிகழ்வுகளைவிட இந்தச் சில்லறைகளே முந்தி நின்றன. இதைப் படித்த பிறகு என் பட்டியலைப் பற்றி எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது.

சரி, முதலில் பொருட்கள். பொருட்களோடு சண்டை போடுவதில் ஒரு வசதி, அவை கோபித்துக்கொள்ளாது.

குழாயை எடுத்துக்கொள்வோம். பகலில் அது சொட்டுவதே காதில் விழாது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். உண்மையில் அந்த ‘டொக்’ சத்தம் சொட்டு நீரில் மோதுவதால் வருவதில்லை. 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவருடைய குழுவும் அதிவேக கேமராவும் நீருக்கடியில் வைத்த மைக்கும் கொண்டு படம்பிடித்துப் பார்த்தார்கள். சொட்டு விழுந்ததும் நீர்ப்பரப்பில் ஒரு குழி விழுகிறது. குழி மூடும்போது அடியில் ஒரு குட்டிக் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி வேகமாக விரிந்து சுருங்கி அதிர்வதும், அதனால் நீர்ப்பரப்பே அதிர்வதும்தான் நம் காதுக்கு வரும் ஓசை. நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து சத்தம் நின்றுவிடும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

இது நடு இரவுக்கு உதவும் விஷயம். வாளியில் சொட்டுகிறதா, இரண்டு துளி சோப்பு விடுங்கள். இன்னும் எளிய வழி, குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுவது. சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். ஆனால் இதெல்லாம் அன்றைய இரவைக் கடப்பதற்கு. சத்தம் போய்விட்டதே என்று விட்டுவிட்டால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் வருகிறது.

திருகித் திருகி மூடும் பழைய வகைக் குழாய் என்றால் பெரும்பாலும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். வரும் தண்ணீரை முதலில் வால்வில் அடைக்க வேண்டும். கழுவுதொட்டியின் ஓட்டையை ஒரு துணியால் மூடிவிட வேண்டும், ஏனென்றால் கழற்றும்போது குட்டித் திருகாணி ஒன்று கட்டாயம் கைநழுவும். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் அளவு பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். மற்றபடி, மூடியிருக்கும் குழாயை இன்னும் இறுக்கி, இன்னும் இறுக்கி மூடுவது வாஷரை வேகமாகக் கொல்லும் வழி. எல்லா வீட்டிலும் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

மேசை ஆடுவதற்கு எல்லோரும் செய்வது, காகிதத்தை மடித்துக் காலடியில் வைப்பது. மறுநாள் பெருக்கும்போது காகிதம் போய்விடும். அதற்கு முன் மேசையை அதே இடத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கால் சுற்றுக்குள் எங்காவது நான்கு கால்களும் தரையைத் தொடும் ஓர் இடம் கிடைக்கும். இது அதிர்ஷ்டமில்லை, கணிதம். கணித அறிஞர்கள் இதற்கான நிரூபணத்தையே வெளியிட்டிருக்கிறார்கள். சாரம் இதுதான்: மூன்று கால்கள் தரையில் இருக்க நான்காவது அந்தரத்தில் நிற்கிறது. மேசையை 90 பாகை திருப்பினால் கால்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கின்றன. இப்போதும் அதே மூன்றையும் தரையில் அழுத்தினால், நான்காவது தரைக்குள் புதைய வேண்டியிருக்கும். மேலே இருந்தது கீழே போக வேண்டுமென்றால் நடுவில் எங்கோ சரியாகத் தரையைத் தொட்டே ஆக வேண்டும் அல்லவா? நிபந்தனைகள் உண்டு. கால்கள் சதுரமாக அமைந்து ஒரே நீளமாக இருக்க வேண்டும், தரை மேடுபள்ளமாக இருக்கலாம், படிபோல வெட்டென்று உயர்ந்து தாழக் கூடாது. இன்னொன்று, மேசை ஆடாது என்பதற்குத்தான் உத்தரவாதம், சாயாமல் நிற்கும் என்பதற்கு இல்லை.

எத்தனை இடம் மாற்றினாலும் அதே கால்தான் அந்தரத்தில் நிற்கிறது என்றால் குறை தரையில் இல்லை, காலில். அப்போது கம்பளி ஒட்டு ஒன்றை அந்தக் காலடியில் நிரந்தரமாக ஒட்டிவிடலாம். நண்பர்களோடு வெளியே உட்காரும் இடங்களில் மேசை ஆடினால் நான் பேச்சுக் கொடுக்காமல் எழுந்து மேசையைத் திருப்ப ஆரம்பித்துவிடுவேன். இதற்கே என்னைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாருடைய டம்ளரும் தளும்புவதில்லை.

ஷூ கயிறுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஆயுள் முழுக்க ஒரு சின்னத் தவறைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். ஷூ ஏன் தானாக அவிழ்கிறது என்பதை 2017-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஓரெய்லியின் குழு ஆராய்ந்தது. ஓடும்போது பாதம் தரையில் அறையும் விசை, புவியீர்ப்பைப்போல ஏழு மடங்கு. அந்த அதிர்ச்சியில் முடிச்சு கொஞ்சம் இளகுகிறது. காலை முன்னும் பின்னும் வீசும்போது கயிற்றின் தொங்கும் நுனிகள் முடிச்சை இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து, ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால் சில நொடிகளில் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

எந்த முடிச்சும் ஒருநாள் அவிழும், ஆனால் ஒன்று மற்றதைவிட வேகமாக அவிழும். கட்டி முடித்தபின் மேலிருந்து பாருங்கள். வளையங்கள் இரண்டும் பாதத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் நல்ல முடிச்சு. திரும்பிக்கொண்டு, ஒன்று விரலைப் பார்த்தும் மற்றது கணுக்காலைப் பார்த்தும் நின்றால் பலவீனமான முடிச்சு. சரிசெய்வதற்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். முதலில் போடும் குறுக்கு முடிச்சில் இதுவரை வலதை இடதுக்கு மேலே போட்டிருந்தால், இனி இடதை வலதுக்கு மேலே போடுங்கள். வளையம் போடுவது பழையபடியே. சில நாள் கை முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

வயர் சிக்குவது பற்றிச் சுருக்கமாக. 2007-இல் டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு உருட்டி உருட்டி, 3,415 முறை செய்து பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சுகள் விழுந்தன. 46 சென்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் மட்டும் முடிச்சு விழவே இல்லை. ஆகவே பைக்குள் யாரும் சூழ்ச்சி செய்வதில்லை, நீளமும் அசையும் இடமும் இருந்தால் வயர் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தேவைக்கு மேல் நீளமான வயரை வாங்காமல் இருப்பதும், சுருட்டி ரப்பர் வளையம் போட்டு இறுக்கமான சின்னப் பையில் வைப்பதும் போதும்.

பொருட்களை முடித்தபின் பட்டியலில் மிஞ்சியவை பெரும்பாலும் சத்தங்கள். சத்தத்தில் ஒரு விநோதம் கவனித்தேன். நான் போடும் சத்தம் எனக்குத் தொல்லையாக இருப்பதில்லை. மிக்சி ஓடினால் எரிச்சல், ஆனால் நானே ஓட்டினால் இல்லை. எவ்வளவு சத்தம் என்பதைவிட, அதை நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம் போலிருக்கிறது.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சோதனையாகவே செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத பேரிரைச்சலுக்கு நடுவே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, “தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், இரைச்சல் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது” என்ற பொருளில் சொன்னார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரு பிரிவும் கேட்டது ஒரே இரைச்சல். ஆனால் அது முடிந்தபின் கொடுத்த வேலைகளில், பொத்தான் இருந்தவர்கள் குறைந்த பிழைகளோடு மெய்ப்புப் பார்த்தார்கள், தீர்க்கவே முடியாத புதிர்களை விடாமல் அதிக நேரம் முயன்றார்கள்.

இதைத் தெரிந்துகொண்டபின் காதடைப்பான் இரண்டைப் பையிலேயே போட்டு வைத்தேன். பயணத்தில் யாராவது சத்தமாக வீடியோ போட்டால் உடனே எடுத்து மாட்டுவதில்லை. ‘வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளலாம்’ என்று நினைத்தாலே பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதிக்கு மாட்டிக்கொள்வேன். (பொய்ப் பொத்தான்களும் உலகத்தில் உண்டு. சாலையைக் கடக்க நியூயார்க் நகரத்தில் வைத்திருந்த 3,250 பொத்தான்களில் 2,500-க்கு மேல் வேலையே செய்யவில்லை என்று 2004-இல் செய்தி வந்தது. மக்கள் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.)

அடுத்தவரின் போன் பேச்சு ஏன் இவ்வளவு குத்துகிறது என்பதும் எனக்குப் புரியாமல் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தால் நான் பாட்டுக்குப் படிப்பேன். ஒருவர் போனில் பேசினால் ஒரு வரி நகராது. 2010-இல் லாரன் எம்பர்சனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதித்தார்கள். உரையாடலின் இரு பக்கமும் காதில் விழுந்தவர்களின் கவனம் அவ்வளவாகக் குலையவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டவர்கள்தான் தடுமாறினார்கள். அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது, பாதிப் பேச்சில் ஊகம் பலிப்பதில்லை, அதனால் திரும்பத் திரும்ப அங்கேயே ஓடுகிறது. “ஐயையோ, அப்புறம்?” என்று ஒருவர் சொல்லிவிட்டு அமைதியானால் யாரால் புத்தகத்தைப் பார்க்க முடியும்?

‘கேட்கக் கூடாது’ என்று மனதைக் கட்டுப்படுத்தும் முயற்சியை அதனால் விட்டுவிட்டேன். மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் மாதிரி மாறாத ஓசையைக் காதில் ஓடவிடுகிறேன். சொற்கள் கலங்கிப்போனால் ஊகிக்க ஒன்றுமில்லை. பாட்டு இதற்கு உதவாது, அதிலும் சொற்கள் இருக்கின்றன.

தூக்கம் இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை என் குறிப்புகளே காட்டின. எரிச்சல் வரிகள் நெருக்கமாக இருக்கும் நாட்களுக்கு முந்தைய இரவு தாமதமாகப் படுத்த இரவாக இருக்கும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வந்த ஆய்வும் இதைச் சொல்கிறது. இரண்டு இரவுகள், இரவுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை தூக்கம் குறைந்தவர்களை இரைச்சலில் உட்கார வைத்தபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அதிகமாகக் கோபப்பட்டார்கள். நன்றாகத் தூங்கியவர்கள் இரைச்சலுக்குப் பழகிப்போனார்கள், இவர்கள் பழகவில்லை. ஆகவே தூங்காத நாளில் யாரைப் பற்றியும் முடிவுக்கு வராமல் இருப்பது என் வழக்கமாகிவிட்டது. சொல்ல வேண்டியதை மறுநாள் சொல்லலாம்.

சொல்வதுதான் கடினமான பகுதி. சின்ன விஷயங்களில் நாம் சம்பந்தப்பட்டவரைத் தவிர ஊரில் உள்ள எல்லோரிடமும் சொல்கிறோம். அக்காவிடம் சொல்வோம், தோழியிடம் சொல்வோம், எதிர் இருக்கைக்காரரிடம் கண்ணைக் காட்டுவோம். கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று நம்பிக்கை. பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நம்பிக்கையைக் குலைத்தது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்கள் கோபம் குறையாமல், எல்லோரையும்விட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பேனாவைப் பற்றி நான் வீட்டில் புலம்பிய இரவுகளில் அந்த ‘டிக் டிக்’ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, வேறென்ன.

அந்தப் பேனாக்காரர் என்னைவிட வயதில் பெரியவர், நல்ல மனிதர். கணக்குப் பார்த்து யோசிக்கும்போது கை தானாக அழுத்துகிறது. அழுத்திக்கொண்டிருக்கும்போது சொன்னால் அது கண்டிப்பாகிவிடும் என்று தோன்றியது. காலையில் வந்ததும், பேனா சட்டைப்பையில் இருக்கும்போதே சொன்னேன்.

“சார், ஒரு சின்ன உதவி. நீங்க யோசிக்கிறப்ப பேனாவை அழுத்துற சத்தம் எனக்கு ரொம்பக் கேக்குது. கவனம் போயிடுது.”

“அப்படியா? நான் அழுத்துறேனா?”

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. மூடி போட்ட பேனா ஒன்றை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இப்போது அந்த மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார், அதில் சத்தம் வருவதில்லை. கையைக் கட்டிப்போடச் சொன்னால் அவரால் முடிந்திருக்காது. யோசிக்கும்போது கைக்கு ஏதாவது வேண்டும் சிலருக்கு.

வீட்டில் அலமாரிக் கதவு விவகாரம் வேறு மாதிரி போனது. ஓய்வாக இருந்த ஒரு மாலையில் ஆரம்பித்தேன்.

“என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா? மேல் அலமாரிக் கதவைத் திறந்தே விட்டுடறீங்க. நான் நிமிரும்போது நெத்தியில இடிக்குது.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சின்ன விஷயம்தானேன்னு…”

மறுநாள் மூடினார். அதற்கு மறுநாளும் மூடினார். அப்புறம் மறந்துவிட்டார். இதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள எல்லா வசதியும் இருந்தது. ஆனால் ஒரு கையில் டப்பாவும் இன்னொரு கையில் கரண்டியும் இருப்பவருக்குக் கதவை மூடக் கை ஏது? கீலை மாற்றினோம். லேசாகத் தள்ளினால் தானாக மூடிக்கொள்ளும் கீல்கள் கிடைக்கின்றன, இரண்டு திருகாணி வேலை. இப்போது அவர் முழங்கையால் இடித்துவிட்டுப் போகிறார், கதவு மூடிக்கொள்கிறது.

பேனாவும் கீலும் எனக்குக் காட்டிய வழி இதுதான்: மனிதர்மேல் இருக்கும் குறையை ஒரு பொருளின் குறையாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுவது. பழக்கத்தைத் திருத்துவதைவிடத் திருகாணியைத் திருகுவது சுலபம். வெளிச்சத்தை அணைக்காமல் போகிறவர்களோடு சண்டை போடுவதைவிட, ஆள் நடமாட்டத்தை உணரும் விளக்கு மலிவானது. சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்குக் கதவருகே ஓர் ஆணி. இதற்கெல்லாம் வழியில்லாத இடத்தில்தான் பேச்சு.

பேசுவது என்று முடிவானபின் ஒரே விஷயத்தைப் பேச வேண்டும். பட்டியலை விரிக்கக் கூடாது. ‘எப்பப் பார்த்தாலும்’, ‘எத்தனை தடவை’ இரண்டையும் தவிர்த்துவிட்டால் எதிராளி தற்காப்புக்குப் போவதில்லை, ஏனென்றால் ‘எப்பப் பார்த்தாலும்’ என்று சொன்னவுடன் அவர் ஒரு விதிவிலக்கைத் தேடிக் கண்டுபிடிப்பார், பேச்சு அதைச் சுற்றியே முடிந்துவிடும். முக்கியமாக, சீக்கிரம் சொல்ல வேண்டும். மூன்றாம் முறையே சொன்னால் குரலில் சிரிப்பு இருக்கும். முந்நூறாம் முறை சொன்னால் பேனாவைப் பற்றிய பேச்சாக அது இருக்காது.

அறிமுகமில்லாதவர்களிடம் இது எப்போதும் பலிப்பதில்லை. சத்தமாக வீடியோ பார்ப்பவரிடம், “கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கறீங்களா?” என்று கேட்டுப் பார்க்கலாம். குறைப்பவர்கள்தான் நான் நினைத்ததைவிட அதிகம். முறைப்பவர் என்றால் காதடைப்பான் இருக்கிறது, இடம் மாறலாம். அங்கே நியாயம் நிலைநாட்டப் போவதில்லை நான்.

ஒரு வகை எரிச்சலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம் போன்றவை சிலருக்கு வெறும் எரிச்சல் இல்லை. நெஞ்சு படபடக்கும், கட்டுக்கடங்காத ஆத்திரம் வரும், குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவதையே தவிர்ப்பார்கள். மிசோஃபோனியா என்ற பெயரை இதற்கு 2001-இல் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இருவரும் வைத்தார்கள். 2017-இல் சுக்பிந்தர் குமாரின் குழு நடத்திய மூளைப் படமெடுப்பு ஆய்வில், இவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட ஓசைகளைக் கேட்கும்போது முன்புற இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தூண்டப்படுவது தெரிந்தது. இவர்களிடம் ‘பொறுத்துக்கோ’ என்பதில் பொருளில்லை. உறவினர் வீட்டில் ஒரு பெண் இப்படி இருக்கிறாள். எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது, சாப்பிடும் நேரத்தில் மெல்லிய இசை ஓடவிடுவது இரண்டும் அவளுக்குக் கொஞ்சம் உதவுகின்றன. செவித்திறன் நிபுணரையும் மனநல ஆலோசகரையும் பார்த்த பிறகு இன்னும் நன்றாக இருக்கிறாள். திட்டி வழிக்குக் கொண்டுவரப் பார்த்த வருடங்களில் ஒன்றும் நடக்கவில்லை.

எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நூறு பேருக்கு அனுப்பும்போது முகவரிகளை, பெறுபவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாதபடி மறைக்கும் பிசிசி கட்டத்தில் போட்டால், ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினாலும் அனுப்பியவருக்கு மட்டும்தான் போகும். 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மின்னஞ்சல் ஏறக்குறைய 8.4 லட்சம் ஊழியர்களுக்குப் போய்விட்டது. “என்னைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்” என்று ஆளாளுக்கு எல்லோருக்கும் பதில் அனுப்ப, மின்னஞ்சல் அமைப்பே திணறிப்போனது. எங்கள் அலுவலகத்தில் ‘நன்றி’கள் தொடங்கியதும் அந்தத் தொடரை மட்டும் மியூட் செய்துவிடுகிறேன்.

தீராதவையும் இருக்கின்றன. நகரும் படிக்கட்டு முடியும் இடத்திலேயே நின்று போனைப் பார்ப்பவர்கள். லிஃப்டில் உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதற்குள் நுழைபவர்கள். பாதிப் படிப்பில் திரையை மூடிக்கொண்டு வந்து நிற்கும் விளம்பரம். இவற்றுக்கு என்னிடம் வழியில்லை, தேடுவதையும் விட்டுவிட்டேன்.

புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு வழி உண்டு. நகத்தால் சுரண்டினால் பாதி காகிதம் தங்கி, பசை பரவி, அதில் தூசி ஒட்டி மாதக்கணக்கில் கிடக்கும். ஹேர் டிரையரின் சூட்டைக் கொஞ்ச நேரம் காட்டினால் பசை இளகும். ஒரு முனையைக் கிளப்பி, செங்குத்தாக மேலே இழுக்காமல், பின்னால் மடக்கிப் பாத்திரத்தை ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். மிச்சம் ஒட்டியிருக்கும் பசையில் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போய்விடும். பிளாஸ்டிக் டப்பா என்றால் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கரோடு டப்பாவும் நெளிந்துவிடும்.